ஆடாத நாற்காலி

காலைப் பொழுது முடிவதற்குள் சென்னியப்பனின் பின்புறம் பெரும்பாடு பட்டுவிட்டது. முதல் வீட்டு முக்காலி சிராய் ஏற்றியது. அடுத்த வீட்டுப் பெஞ்சு, அவர் ஒரு முனையில் உட்கார்ந்ததும் மறுமுனையைத் தூக்கி, வீட்டுக்காரர் காலில் அவரை விழ வைத்தது. இப்போது அவர் உட்கார்ந்திருந்தது கோயம்புத்தூர் மேற்கு வட்டத்தின் பெரும்புள்ளி ஆராவமுதன் வீட்டு நாற்காலியில். அது வலப்பக்கம் சாய்ந்தது, சற்று யோசித்தது, பிறகு இடப்பக்கம் சாய்ந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் ஆராவமுதன், பட்டு ஜிப்பாவின் கையை மேலே ஏற்றிக்கொண்டே. "வரைபடத்த சுவத்துல ஓடவிட்டுட்டு, தவமா உக்காந்து செஞ்சதுங்க. எல்லாம் இந்தக் கைதான்."

அந்தக் கையைச் சென்னியப்பன் பார்த்தார். வெண்ணெய் போல இருந்தது. உளி பிடித்த கை என்று அதைச் சொன்னால் உளிக்கே சிரிப்பு வரும்.

ஆராவமுதனின் மனைவி காபி கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். மேசை பணிவாகக் குனிந்தது. டம்ளரிலிருந்த காபி டபராவுக்கும், டபராவிலிருந்து சென்னியப்பனின் கால்சட்டைக்கும் வந்து சேர்ந்தது. குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது.

"நல்ல கை," என்றார் சென்னியப்பன், தொடை எரிய.

அதுதான் மரியாதை. விருந்தாளியின்மேல் காபி கொட்டாத வீடு ஒரு வீடா? பெண் பார்க்கப் போன இடத்தில் காபி சிந்தவில்லை என்று எழுந்து வந்துவிட்ட சம்பந்திகளை அவருக்குத் தெரியும்.

அவர் தோளிலிருந்து துல்லி கிளம்பியது. துல்லி என்பது உள்ளங்கை அளவுள்ள பறக்கும் பிழைமானி. நாற்காலியின் நான்கு கால்களையும் நீல வெளிச்சத்தால் தடவிவிட்டு, "கோணல் சிறப்பு. மனிதக் கை உறுதி. வாழ்த்துகள்," என்றது.

அந்த ஆட்டத்தைச் சென்னியப்பனின் பின்புறம் நன்றாக அறியும். வலது, யோசனை, இடது. போன வாரம் ஒரு டாக்டர் வீட்டில், அதற்கு முன்பு ஒரு புரோகிதர் வீட்டில், இதே யோசனை, இதே இடைவெளி. டவுன்ஹாலுக்குப் பின்னால் சந்துக்குள் நடக்கும் பிழைக்கடைகளில் இந்த ரகத்துக்குப் 'புதுமாப்பிள்ளை அவசரம்' என்று பெயர். 'இடதுகைக் கலைஞர்' என்று இன்னொன்று உண்டு. 'அப்பா செய்தது' கொஞ்சம் விலை கூடுதல். எல்லாம் வார்ப்பகத்தில், அதாவது கேட்டதை அச்சு அசலாகச் செய்து தள்ளும் இயந்திரத்தில், பிறந்தவை. ஓர் இயந்திரம் கோணலாகச் செய்கிறது. இன்னோர் இயந்திரம் அதை அளந்து, 'மனிதன் செய்தது' என்று சான்று தருகிறது. நடுவில் மனிதனின் பங்கு, கொதிக்கும் காபியை வாங்கிக்கொள்ள ஒரு கால்சட்டை.

இத்தனைக்கும் காரணம் ஒரு நல்ல எண்ணம். நாட்டில் வார்ப்பகங்கள் வந்தபோது ஊசியிலிருந்து வீடுவரை எல்லாம் குற்றமில்லாமல் கிடைத்தன. சில வருஷம் ஜனங்கள் சந்தோஷமாக இருந்தார்கள். பிறகு சந்தோஷம் அரிக்கத் தொடங்கியது. எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டால் நாம் எதற்கு என்று ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். அப்போதுதான் பிழையியல் பேரறிஞர் ஞானவேந்தன் எழுந்து நின்று, "இயந்திரம் தவறாது. தவறுபவனே மனிதன்," என்று அறிவித்தார். கேட்டவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை முழுவதும் ஒரு சாதனையாகத் தெரிந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் சட்டம் வந்துவிட்டது.

கைத்தச்சுச் சட்டம். வீட்டிலுள்ள மரச்சாமான்களை வீட்டிலுள்ளவர்களே, அரசு அனுப்பும் வரைபடத்தைப் பார்த்துச் செய்யவேண்டும். எங்கே அறுப்பது, எங்கே துளைப்பது, எங்கே ஆப்பு அடிப்பது என்று வரைபடம் சுவரில் ஓடிக் காட்டும். ஆனால் அப்படியே செய்துவிடக் கூடாது. எங்காவது தவறவேண்டும். தவறுதான் சாட்சி. தவறு இல்லாவிட்டால் அது இயந்திரம் செய்தது. அந்தக் குடும்பத்துக்கு மனிதச் சான்று இல்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு பொதுமனைக்குப் போகவேண்டியதுதான். பொதுமனையில் இருக்கும் கட்டில், நாற்காலி எல்லாம் ஊர்ப் பெரிய மனிதர்கள் தானம் கொடுத்தவை. அவற்றின் ஆட்டத்தைச் சொல்லி மாளாது.

சென்னியப்பன் இந்தச் சட்டத்தின் வட்டார மதிப்பீட்டாளர். உட்கார்ந்து பார்த்துச் சொல்வது உத்தியோகம்.

அன்று மத்தியானம் அவர் போன வீடு கவுண்டம்பாளையத்தில் ஓர் அடுக்ககத்தின் மாடியில் இருந்தது. கதவைத் திறந்த துளசிமணிக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுடியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவள் புருஷன் லோகநாதன், ஒரு காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க. சார் உக்காந்து பாக்கணுமாம்," என்று சொல்லி, புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கட்டிலில் சாய்த்தாள்.

சென்னியப்பன் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்தார். ஒரு குலுக்குக் குலுக்கினார். நாற்காலி, இந்த ஆளுக்கு என்ன கேடு என்பது போல நின்றது. அவருடைய முதுகு பல வருஷங்களுக்குப் பிறகு தன்னை மறந்து சாய்ந்தது. துளசிமணி காபியைக் கைப்பிடிமேல் வைத்தாள். ஏடுகூட அசையவில்லை.

துல்லி சுற்றி வந்தது. "பிழை இல்லை. மனிதக் கை இல்லை. வருந்துகிறேன்," என்றது.

"மனுசக் கை இல்லையா?" துளசிமணி தன் கையை அதன் முன்னால் நீட்டினாள். கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்திருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து காய்த்திருந்தது. "இது யாரு கையி? உங்க பாட்டன் கையா?"

"நான் கையை அளப்பதில்லை. நாற்காலியை அளக்கிறேன்," என்றது துல்லி பணிவாக.

"அம்மணி, அது கெடக்கட்டும்," என்றார் சென்னியப்பன். "எல்லாரும் ஆடற மாதிரிதானே செய்யறாங்க? நீங்க மட்டும் ஏன் இப்படி?"

அவள் பால்கனிப் பக்கம் கை காட்டினாள். அங்கே உடைந்த நாற்காலிகள் குவிந்திருந்தன. "அதெல்லாம் ஆடுச்சுங்க. சட்டப்படி ஆடுச்சு. இவருக்குக் காதுக்குள்ள ஏதோ நரம்பு செத்துப்போச்சு. ஒரு நூல் சாஞ்சாப் போதும், வீடே சுத்தும், உடனே வாந்தி. ஒரு நாற்காலில இருந்து விழுந்து இடுப்பு எலும்பு போயி, கம்பி வெச்சிருக்கு. காலு மடங்காது. தரையிலயும் உக்கார முடியாது. சரி, இந்த தடவை வரைபடத்துல இருக்கறத இருக்கற மாதிரியே செய்யறதுன்னு உக்காந்தேன். ஒவ்வொரு காலையும் எத்தன தடவ தேச்சேன்னு எனக்குத்தான் தெரியும்."

"மெத்தையில படுத்தே கெடந்தேன் சார்," என்றார் லோகநாதன் கட்டிலிலிருந்து. "இதுல உக்காந்த அன்னிக்குத்தான் சன்னல் எங்க இருக்குன்னே தெரிஞ்சுது."

சென்னியப்பன் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பென்சில் கோடு, அழித்த கோடு, அழித்ததன்மேல் போட்ட கோடு. பசை காய்ந்த இடத்தில் ஒரு விரல்ரேகை. இதைவிட ஒரு மனுஷி எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? ஆனால் துல்லியின் கண்ணுக்கு ஆட்டம் ஒன்றுதான் தெரியும். இவர்களைப் பொதுமனைக்கு அனுப்பினால் லோகநாதன் அங்கே ஒரு பெரிய மனிதரின் தானத்திலிருந்து விழுந்து இன்னோர் எலும்பை முறித்துக்கொள்வார்.

"ஒரு கால்ல கொஞ்சமா அறுத்துருங்க அம்மணி," என்றார் தாழ்ந்த குரலில். "சான்று வந்ததும் அறுத்த துண்டையே அடியில வெச்சுக்கங்க. ஆடாது."

துளசிமணி ரம்பத்தை எடுத்தாள். காலில் வைத்தாள். எடுத்துவிட்டாள். "எனக்குக் கை வரலீங்க. நீங்களே அறுங்க."

சென்னியப்பன் வாழ்நாளில் ரம்பத்தைத் தொட்டதில்லை. அவர் வீட்டில் இருப்பது 'புதுமாப்பிள்ளை அவசரம்', முழு செட்டு. துல்லியைப் பார்த்தார்.

"யார் அறுக்கிறார் என்பதை நான் அளப்பதில்லை," என்றது அது.

அறுத்தார். ரம்பம் கோட்டை விட்டு ஓடியது. பாதியில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. நிறுத்தி, மூச்சு வாங்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்தார். இரண்டு வெட்டும் சந்திக்கவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கூட இருக்காது. கடைசியில் ஒரு பக்கம் பாக்குத் தடிமனும் மறுபக்கம் தாள் தடிமனுமாக ஒரு துண்டு பிய்ந்து விழுந்தது. லோகநாதன் கட்டிலில் குலுங்கிச் சிரித்தார். துளசிமணி சிரிக்கவில்லை. துண்டை எடுத்து ஊதி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

துல்லி அந்தக் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. "அளவுகோலில் இதற்கு இடம் இல்லை," என்றது கடைசியில். "இப்படி ஒரு பிழை இதுவரை பதிவானதில்லை. தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேன்."



அடுத்த வாரமே துளசிமணி கூப்பிட்டாள். "ஏனுங்க சார், ஒரு வேன் வந்துச்சு. வந்தவங்க கன்னத்துல போட்டுக்கிட்டு, நாற்காலியக் கும்பிட்டுட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நாட்டோட சொத்தாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்களாம். எனக்கு சால்வை போடறாங்களாம். இவரு மறுபடியும் படுக்கையில கெடக்கறாரு. இன்னொண்ணு செய்யலாம்னா, சர்க்காரு குடுக்கற பலகை அடுத்த வருசம்தானாம். உங்க யோசனையக் கேட்டேன் பாருங்க."

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். அந்த வெட்டு என்னுடையது என்று போய்ச் சொல்லலாம். சொன்னால் நாற்காலி திரும்பும். கூடவே துளசிமணியின் கணக்கில் பிழை இல்லை என்றாகி, வீடு போகும். சொல்லாவிட்டால் வீடு நிற்கும், நாற்காலி போகும். எப்படிப் பார்த்தாலும் லோகநாதனுக்கு உட்கார இடமில்லை. செய்த உபகாரத்தை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

பிழைப் பெருவிழா அவினாசி சாலையில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. முதலில் விருந்து. கோணல் மேசைகளில் சாம்பார் ஒரே திசையில் ஓடி, வரிசையில் கடைசியாக உட்கார்ந்தவரின் மடியில் நிறைந்தது. அவரைச் சுற்றி நின்று எல்லோரும் பாராட்டினார்கள். லோகநாதனைத் துளசிமணியும் சென்னியப்பனுமாகத் தாங்கி வந்து ஒரு தூணில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். இலையில் வைத்த வடை காணாமல் போயிற்று. இன்னொன்று கேட்டு வாங்கினார்.

"போதுமுங்க. மேடைக்குப் போகணும், வாயக் கட்டுங்க," என்றாள் துளசிமணி.

"இன்னொரு வடை வெக்கச் சொல்லுங்க சார்," என்றார் லோகநாதன் சென்னியப்பனிடம். வந்தது. மென்று, தண்ணீர் விட்டு விழுங்கினார்.

மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நாற்காலி இருந்தது. கழுத்தில் மாலை. ஞானவேந்தன் அதன் அறுபட்ட காலைத் தொடாமல் சுட்டிக் காட்டினார். தோளில் சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சிந்தனை.

"இந்த வெட்டைப் பாருங்கள். பாதியில் நிற்கிறது. ஏன் நின்றது? இங்கே ஒரு பெண் அழுதிருக்கிறாள்."

அரங்கம் உச்சுக் கொட்டியது. தோள்பட்டை பிடித்துக்கொண்டது சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது.

"பின்பு எதிர்த்திசையிலிருந்து மீண்டும் தொடங்குகிறாள். அது நம்பிக்கை. இரு வெட்டுகளும் சந்திக்கவில்லை. அதுதான் மானுடத் தனிமை. எந்த இயந்திரத்தால் இந்தத் தனிமையை அறுக்க முடியும்?"

முன்வரிசையில் ஆராவமுதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சென்னியப்பன் வெளியே போய்விட நினைத்தார். ஆனால் லோகநாதனின் பாரம் அவர் தோளில் இருந்தது.

"கண்ணாடிப் பேழைக்குள் செல்லுமுன், இப்படைப்பில் இறுதியாக ஒருமுறை இத்தம்பதியர் அமர்வார்களாக," என்றார் ஞானவேந்தன்.

"நான் உக்காரலீங்க. இவரு உக்காரட்டும்," என்றாள் துளசிமணி. மேடையேறியதும் முதல் காரியமாகக் குனிந்து, இடுப்பிலிருந்த துண்டை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் வைத்துத் தட்டினாள். லோகநாதன் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். எதுவும் சுற்றவில்லை. கண்ணைத் திறந்து, வேடிக்கை பார்க்க வந்த குழந்தை மாதிரி அரங்கத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். தொண்டர் ஒருவர் மரபுப்படி கைப்பிடிமேல் காபியை வைத்தார். லோகநாதன் அதை எடுத்து, பொறுமையாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்து டம்ளரைத் திரும்ப வைத்தார்.

அரங்கத்தில் சலசலப்பு. விழா மேடையில் சிந்தாத காபி. யாரோ "தூ" என்றார்கள்.

ஞானவேந்தனின் கண் நாற்காலியின் காலடிக்குப் போனது. "இந்த அசிங்கத்தை யார் இங்கே வைத்தது?" என்றார். தொண்டர்களை எதிர்பார்க்காமல், கலையைத் தம் கையாலேயே காப்பாற்றுவதாக முடிவு செய்தார். வயிறும் அங்கவஸ்திரமும் இடம் கொடுத்த அளவுக்குக் குனிந்து, லோகநாதனின் காலடியில் மண்டியிட்டு, துண்டைப் பிடித்து இழுத்தார்.

நாற்காலி சாய்ந்தது. லோகநாதனின் கண்கள் மேலே போயின. அவர் ஒருபுறமாகக் குனிந்தார். அங்கேதான் பேரறிஞரின் தலை இருந்தது.

முதலில் காபி வந்தது. பிறகு சாம்பார் சாதம். அப்புறம் வடைகள், உள்ளே போன வரிசைக்கு நேர்மாறாக. நாற்காலியின் இருக்கையும் மாலையும் சரிகையும் பேரறிஞரின் பின்னங்கழுத்தும் பேதமில்லாமல் நனைந்தன. ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது.

அந்த மேடையில் அன்றுவரை நடந்தவற்றில் இதுதான் மிகவும் மனிதத்தனமானது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது. ஆராவமுதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அது வலப்பக்கம் சாய்ந்து, யோசித்து, இடப்பக்கம் சாய்ந்தது.

"எடுங்கய்யா அத... எடுத்துத் தொலைங்க," என்றார் ஞானவேந்தன். அவருடைய செந்தமிழ் எங்கோ வழுக்கி விழுந்திருந்தது.

"எதைங்க ஐயா? நாற்காலியையா?" என்றார் ஒரு தொண்டர்.

"நாத்தம் புடிச்ச எல்லாத்தையும். என் கண்ணுல காட்டாதீங்க."

ஒரு துப்புரவு இயந்திரம் ஓடிவந்து அவர் தலையைத் துடைக்கத் தொடங்கியது. அவர் நன்றியோடு அதற்குத் தலையைக் கொடுத்தார்.

சென்னியப்பன் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டார். மீதி வடை அவர் காதோரம் வழிந்தது, பரவாயில்லை. துளசிமணி மேடையில் தேடி மரத்துண்டை எடுத்துக்கொண்டு, புருஷனைத் தாங்கி நடத்தி வந்தாள். ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டி ஒன்று கிடைத்தது. லோகநாதனைச் சாக்கின்மேல் படுக்க வைத்தார்கள்.

"அத்தன பேரு மத்தியில மானத்த வாங்கிட்டீங்க," என்றாள் துளசிமணி, முந்தானையால் அவர் வாயைத் துடைத்தபடி. "வாயக் கட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்."

லோகநாதன் கண்ணைத் திறக்கவில்லை. "மூணாவது வடை எதுக்குத் தின்னேன்னு நெனச்ச?" என்றார்.

துளசிமணி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "கெரகம்," என்று சொல்லிவிட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சென்னியப்பன் எட்டிப் பார்க்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாட்டுக்கு நல்லது. ஞானவேந்தன் சில நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தார். பிறகு ஒரு நீண்ட கட்டுரையோடு வந்தார். பிழை மட்டும் போதாதாம். பொருளின்மேல் உடல் தன் உண்மையைத் தானே எழுதவேண்டுமாம். அதைத் தாம் தலையால் உணர்ந்தாராம். சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: ஒவ்வொரு வீட்டு நாற்காலியிலும் இனி கறை இருக்கவேண்டும். துல்லிக்கு மூக்கு வைத்தார்கள். பிழைக்கடைகளில் புது ரகங்கள் இறங்கின. 'காய்ச்சல்', 'கைக்குழந்தை'. எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது 'விழா மேடை'. ஆராவமுதன் வீட்டில் சென்னியப்பன் அதில் உட்கார்ந்தார். லேசாகச் சந்தனம் மணந்தது.

"நல்ல வயிறு," என்றார். அதுதான் இப்போது மரியாதை.

துளசிமணியின் வீட்டுக்கு அவர் போனபோது நாற்காலி சன்னலோரம் இருந்தது. வெயிலில் காய்ந்து, தேய்த்துக் கழுவியதில் மரம் வெளிறியிருந்தது. அவள் லோகநாதனைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, காலடியிலிருந்த துண்டை உருவினாள். துல்லி சுற்றி வந்தது, முகர்ந்தது.

"பிழை உண்டு. கறை இல்லை. சீயக்காய் வாசனை," என்றது. "மனித உடல் உறுதியாகவில்லை. வருந்துகிறேன்."

சென்னியப்பன் தனக்குத் தந்த காபி டம்ளரை எடுத்து இருக்கைமேல் சாய்க்கப் போனார்.

"காபி செல்லாது," என்றது துல்லி. "உள்ளே போய்த் திரும்பியது மட்டும்தான் கணக்கு."

மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். துளசிமணி மரத்துண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் ஏதோ ஒரு வண்டி மணியடித்துப் போயிற்று.

"சார்," என்றார் லோகநாதன் கட்டிலிலிருந்து. "தெருமுனைக் கடையில வடை சூடா இருக்கும். வாங்கிட்டு வாங்க."

"எத்தனைங்க?"

"மூணு. சட்னி வேண்டாம். கறை போகாது, கழுவறது அவதான்."

சென்னியப்பன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கினார்.